புத்தரி: காவிரி பிறக்கும் நாட்டின் புதுநெல் விழா

கார்த்திகை மாதத்து முழுநிலா இரவில், குடகு நாட்டின் மலைச்சரிவுகளுக்கு நடுவே படிப்படியாக இறங்கிக் கிடக்கும் நெல்வயல்களில், ஏறக்குறைய ஒரே நாழிகையில் ஊர்தோறும் துப்பாக்கி வெடிக்கும். அது வேட்டைக்கு வெடித்ததும் அன்று, பகைக்கு வெடித்ததும் அன்று. அரிவாளோடு வயலில் இறங்கிய ஒருவர் அவ்வாண்டின் முதற்கதிரைத் தாளோடு பற்றி அறுத்துவிட்டார் என்பதை வானத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒருசேர அறிவிக்கும் ஒலி அது. அந்த ஒலி அடங்குமுன், கரையில் நிற்கும் ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் "பொலி, பொலி, தேவா" என்று குரலெடுத்துக் கூவுவார்கள். இந்த விழாவுக்குக் குடகர் தம் மொழியில் இட்டிருக்கும் பெயர் புத்தரி.

காவிரியைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். துலா சங்கிரமணத்தன்று தலைக்காவிரியிலே தீர்த்தம் பொங்கி வருவதைத் தரிசிக்க வேண்டுமென்று நம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் மலையேறுகிற அன்பர்களும் உண்டு. குடகு என்றால் காப்பி, ஆரஞ்சு, ஜெனரல் கரியப்பா என்று அடுக்கிச் சொல்லவும் நாம் அறிவோம். ஆயினும், தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியமாக்கிய அந்த நதி பிறக்கும் நாட்டிலே, அந்நாட்டார் தம் நெல்லை எவ்வாறு வரவேற்று வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள் என்பதை அறிந்தவர் நம்மிடையே சிலரே. அதை அறிந்துகொள்வதால் குடகைப் பற்றி மாத்திரமல்ல, நம்முடைய களத்துமேட்டைப் பற்றியும் சில செய்திகள் தெளிவாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். புதிய அரிசி என்பதே புத்தரி. நம்முடைய புத்தரிசியும் மலையாளத்தாரின் புத்தரியும் இதுவும் ஒரே சொல்தான். சொல்முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறுவது கன்னடத்தின் இயல்பாகையால், கன்னடம் பேசுவோர் இதை ஹுத்தரி என்பர். பால் அங்கே ஹாலு ஆனதுபோல. குடகு மொழியோ பகரத்தைக் கைவிடவில்லை. கர்நாடக ராஜ்யத்தின் எல்லைக்குள் இருந்தும், 1956 நவம்பர் முதல் தேதி வரையில் தனி மாகாணமாக நிர்வகிக்கப்பட்ட இந்தச் சிறு பிரதேசம், மொழியில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் அணுக்கமாக நிற்பது மொழிநூலார் நெடுநாளாக எடுத்துக்காட்டி வரும் உண்மை.

குடகு மாவட்டத்தின் பரப்பு 4,102 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜனத்தொகை ஐந்தரை லட்சத்தைச் சற்றே தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் முழு வேகத்தையும் மேற்கு முகத்தில் தாங்கும் மலைநாடு. ஆகவே அங்கே நெல் பெரும்பாலும் ஒருபோகமே. ஜூன் மாதத்து மழையோடு நாற்றங்கால், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடவு, மழை ஓய்ந்து பனி இறங்கும் நவம்பர், டிசம்பரில் கதிர் முற்றுதல் என்பது அதன் ஒழுங்கு. நடவு முடிந்ததும் செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போத் என்னும் ஆயுத பூஜை வரும். வேளாண்மைக்காக ஒதுக்கிவைத்த வில்லும் வாளும் துப்பாக்கியும் அன்று மீண்டும் கைக்கு வரும். அக்டோபர் நடுவில் காவிரி சங்கிரமணம். அதற்கும் பின்பே புத்தரி. ஆக, குடகரின் மூன்று பெருவிழாக்களும் நாற்று நட்ட கை ஓய்வது தொடங்கிக் கதிர் அறுக்கக் கை நீள்வது வரையிலான காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நெல்லின் வயதை அளக்கும் மூன்று முடிச்சுகள் என்றே அவற்றைச் சொல்லலாம்.

நாள் குறிக்கும் அதிகாரம் கக்கபெ என்னும் ஊருக்கு அருகிலுள்ள பாடி இக்குதப்பன் கோயிலைச் சார்ந்தது. இக்குதப்பன் மழைக்கும் விளைச்சலுக்கும் அதிபதி. மலையாளக் கரையிலிருந்து உடன்பிறந்தாரோடு மலையேறி வந்து குடகிலே தங்கிவிட்ட தெய்வம் என்பது அந்நாட்டு ஐதிகம். அறுவடைக்கு முந்திய வாரங்களில் அக்கோயிலிலே ஜோதிடர் கூடி, விருச்சிக மாதத்துப் பௌர்ணமியையும் ரோகிணி நட்சத்திரத்தையும் ஒட்டி நாளைக் குறிப்பார்கள். அதோடு நில்லாமல் இலை கட்டுவதற்கு ஒன்று, கதிர் எடுப்பதற்கு ஒன்று, உண்பதற்கு ஒன்று என மூன்று முகூர்த்தங்களையும் நிர்ணயித்து நாடெங்கும் அறிவிப்பார்கள். விருச்சிகம் என்பது நம் கார்த்திகை. நாம் கிருத்திகையைப் பார்த்துத் தீபம் ஏற்றுகிறோம், அவர்கள் அதற்கு அடுத்த நட்சத்திரமாகிய ரோகிணியைப் பார்த்துக் கதிர் அறுக்கிறார்கள். ஆகையால் புத்தரி, கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாளோ அதனையொட்டியோ வருவது வழக்கம்.

பௌர்ணமியைத் தேர்ந்ததற்குச் சாத்திர காரணம் எதுவாயினும், நடைமுறைக் காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. சடங்கு நடப்பது இருட்டிய பின்பு. வீடும் வயலும் காட்டுப் பாதையால் பிரிந்து கிடக்கும் நாட்டில், குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் முழுவதும் வரப்பில் நடந்து போய்த் திரும்ப வேண்டுமானால், நிலவைப்போல் உதவும் விளக்கு வேறில்லை.

இனிச் சடங்கைப் பார்ப்போம். ஒக்க என்பது குடகரின் தந்தைவழிக் கூட்டுக்குடும்பம். அதன் பூர்விக இல்லம் ஐன்மனெ எனப்படும். மனெ நம்முடைய மனையே. பிழைப்பை நாடிப் பல இடங்களுக்குப் பிரிந்துபோன ஒக்கத்தார் அன்று அந்த மனைக்குத் திரும்புவார்கள். வீடு மெழுகி வெள்ளையடித்துச் சித்தமாக இருக்கும். நடுக்கூடத்து விளக்கை ஏற்றியபின், அரசு, மா முதலிய ஐந்து மரங்களின் இலைகளை ஒன்றுசேர்த்து நாரினால் கட்டுவார்கள். நெரெ கட்டுதல் என்று இதற்குப் பெயர். நெரெ என்பதும் நம் நிறை என்பதும் வேறல்ல என்று கொள்ளத் தடையில்லை. குருவாயூரில் கதிரை வீட்டுக்குக் கொணரும் விழாவை 'இல்லம் நிற' என்றும், புதிய அரிசியை நிவேதிக்கும் விழாவைத் 'திருப்புத்தரி' என்றும் வழங்குவதை இதனோடு வைத்துப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

இரண்டாம் முகூர்த்தத்தில் அனைவரும் வயலுக்குப் புறப்படுவர். பெண்கள் தட்டிலே அரிசி பரப்பி அதன்மேல் விளக்கு வைத்து ஏந்தி வருவார்கள். மேளமும் கொம்பும் உடன் வரும். குறித்த நேரத்தில் துப்பாக்கி வெடிக்க, குடும்பத்தின் சார்பில் ஒருவர் ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாள்களை அறுத்தெடுப்பார். அந்தக் கதிர்கள் வீட்டுக்கு வந்து, ஐவகை இலையோடு சேர்த்து நிலைக்கதவிலும் தூணிலும் களஞ்சியத்திலும் தொழுவத்திலும் கட்டப்படும். வீட்டுக்கு எவையெல்லாம் அங்கமோ அவற்றுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கதிர் என்பது கணக்கு.

இந்தச் சடங்கைப் பற்றிய பழைய வருணனை ஒன்று உலகப் பிரசித்தி பெற்ற நூலொன்றில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜேம்ஸ் பிரேசர் 1890-இல் முதன்முதலாக வெளியிட்ட 'தி கோல்டன் பவ்' என்னும் பெருநூலே அது. புதுவிளைவை உண்பதை ஒரு தெய்விகக் கருமமாகப் பாவிக்கும் ஜனங்களைப் பற்றிச் சொல்லி வருகையில், பிரேசர் குடகரையும் எடுத்துக்கொள்கிறார். கதிர் அறுப்பவரை ஜோதிடர் தேர்கிறார். அந்தி சாய்ந்ததும் வீட்டார் யாவரும் வெந்நீரில் குளித்துவிட்டு வயலுக்குப் போகிறார்கள். அறுத்த கதிரை வந்திருப்போர் எல்லோருக்கும் பகிர்கிறார் அறுத்தவர். திரும்பி வந்து வாயிலில் நிற்கும் அவருடைய பாதங்களை வீட்டுத் தலைவி நீர்வார்த்துக் கழுவி, பாலும் தேனும் சர்க்கரையும் கலந்த பாத்திரத்தை அவருக்கும் பின்னர் மற்றவர்க்கும் கொடுக்கிறாள். பிறகு அரிசிமாவும் வாழைப்பழமும் பாலும் தேனும் பிசைந்து, அதில் புதுநெல்லின் ஏழு மணிகளும் ஏழு தேங்காய்த் துண்டுகளும் இட்டு, அரசிலையில் வைத்து ஆளுக்குச் சிறிது வழங்குகிறார்கள். அறுக்கும் வேளையில் அந்த மனிதரை எவரும் தீண்டலாகாது. இவ்வளவும் பிரேசர் சொல்வது.

பிரேசர் குடகை எட்டியும் பார்த்தவரல்லர். சென்னையில் இருந்த சார்லஸ் கவர் என்பவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூல் அவருக்கு ஆதாரமாக இருந்தது. புத்தகசாலையில் அமர்ந்து உலகத்துச் சடங்குகளையெல்லாம் ஒரே சரட்டில் கோத்த அந்தப் பேரறிஞர், தானியத்துக்குள் தெய்வம் உறைவதாகவும் அதை உண்பது தெய்வத்தையே உண்பதாகவும் கொள்ளும் ஆதிகால நம்பிக்கையின் எச்சமாக இதைக் கண்டார். அது ஒருவாறு பொருந்தலாம். ஆனால் அந்த ஏழு நெல்மணிகளைத் தெரிந்து பொறுக்கிய கண், அவற்றை யாருடைய வீட்டில், யார் யார் கூடியிருந்து, எந்த முறையில் பகிர்ந்தார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. புத்தரியின் உயிர்நிலை அந்தப் பகிர்விலே இருக்கிறது.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர் மன்னிக்க மாட்டார். வறுத்த அரிசிமாவோடு கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் பிசைந்து, எள்ளும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்து உண்ணும் தம்புட்டு அன்றைக்குத் தவறாத பதார்த்தம். அறுத்த கதிரிலிருந்து சில மணிகளையேனும் உரித்துப் போட்டுப் பாயசம் காய்ச்சுவார்கள். அந்தப் பருவத்திலே தோண்டியெடுக்கும் ஒருவகைக் கிழங்கையும் வேகவைத்துத் தேனோடு உண்பதுண்டு. பொதுவாக ஊன் உணவில் பெருவிருப்பமுள்ள சமூகம், இந்த விழாவின் நடுநாயகமாக நெல்லையும் பழத்தையும் கிழங்கையும் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இப்போது அந்தப் 'பொலி' என்னும் கூவலுக்கு வருகிறேன். சொல்லைச் சொல்லாக விட்டுவிட்டுப் போகும் மனம் எனக்கு இல்லை. காவிரி பாயும் நம் ஜில்லாக்களில், போரடித்துத் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். தூற்றுவதைப் பொலி தூற்றுதல் என்போம். களத்திலே நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று தொடங்கியதையும், பொலி பொலி என்று வாய்விட்டுச் சொல்லிக் குவியலைக் கும்பிட்டதையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பசுவோடு சேர்க்கும் காளை பொலிகாளை. சோழர் காலத்துச் சாசனங்களைப் புரட்டினால், கோயிலுக்குக் கொடுத்த முதல் அழியாமல் நிற்க ஆண்டுதோறும் அதிலிருந்து கிளைக்கும் வட்டிக்குப் பொலிசை என்று பெயரிட்டிருப்பதைக் காணலாம். பொன்னை முதலாக வைத்தாலும் நெல்லை முதலாக வைத்தாலும் அது பொலிசையே. நெற்குவியல், விலங்கின் பெருக்கம், பணத்தின் வட்டி என்று மூன்று திசைகளில் விலகி நிற்கும் இந்தப் பொருள்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கருத்து: வைத்த பொருள் குறையாமல் தன்னிலிருந்தே மேன்மேலும் பெருகுவது.

இதை மனத்திற்கொண்டு குடகு வயலுக்குத் திரும்பினால் அந்தக் கூவலின் நுட்பம் விளங்கும். அவர்கள் 'விளைந்தது' என்று கூவவில்லை, 'கொடுத்தாய்' என்றும் கூவவில்லை. கையில் இருப்பதோ ஒரு பிடிக் கதிர். வயல் முழுவதும் இன்னும் அறுபடாமல் நிற்கிறது. அந்த நிலையில் 'பெருகுக' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லப் பொருந்தாது. நம் முற்றத்திலே பானை பொங்கும்போது நாம் 'பொங்கலோ பொங்கல்' என்பதும் இதற்கு இனமான கூவல்தான். பொங்குவது விளிம்பைத் தாண்டுகிறது, பொலிவது அளவைத் தாண்டுகிறது. ஆனால் நாம் கூவுவது அறுவடை வீட்டுக்கு வந்தபின்; அவர்கள் கூவுவது அறுவடை தொடங்குமுன்.

இந்த முன்பின் வேற்றுமை அற்பமானதன்று. பத்திரிகைகளும் சுற்றுலாத் துறையாரும் புத்தரியை 'அறுவடைத் திருவிழா' என்று எழுதுகிறார்கள். சௌகரியத்துக்காக நானும் அப்படிச் சொல்லக்கூடும். உண்மையில் அது அறுவடைக்கு அனுமதி பெறும் விழா. முதற்கதிர் முறைப்படி வீட்டுக்கு வரும் வரையில் புதுநெல்லை உண்ணலாகாது என்பது அடிப்படை நியமம். அந்த விலக்கை நீக்குவதே விழாவின் தொழில். நிறைவைக் கொண்டாடுவதாகத் தோன்றும் ஒரு பண்டிகைக்கு உள்ளே, கண்ணெதிரே விளைந்து நிற்பதைத் தொடாமல் காத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்று ஒளிந்திருக்கிறது. சென்ற ஆண்டின் நெல் அடிக்களஞ்சியத்தைத் தொட்டுவிட்ட கடைசி வாரங்களில், பசித்த வீடு பச்சைக் கதிரை அறுத்துத் தின்றுவிடாமல் தடுப்பதற்கு, தெய்வத்தின் பெயரால் குறித்த ஒரு நாளைவிட வலிமையான வேலி உழவனுக்குக் கிடைத்திராது.

குடகு இதில் தனித்து நிற்கவில்லை. மேற்கு ஒடிசாவில் விநாயக சதுர்த்திக்கு மறுநாள் வரும் நுவாகாய் என்னும் விழாவின் பெயருக்கே புதிது உண்ணல் என்றுதான் பொருள். சம்பல்பூரில் சமலேசுவரி தேவிக்கு முதலில் படைத்து, குறித்த லக்னத்தில் வீடுதோறும் உண்பார்கள். கேரளத்துக் கோயில்களில் கர்க்கடக மாதத்தில் நிறைபுத்தரி நடைபெறுகிறது. திருவிதாங்கூரோடு 1956 வரை இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக் கோயில்கள் ஆடியில் அதையே நிறைபுத்தரிசி பூஜை என்று நடத்துகின்றன. யாழ்ப்பாணத்தார் தைப்பூசத்தன்று புதுநெல்லைக் குற்றிச் சமைத்துண்பதைப் புதிர் என்பார்கள். நிலமும் பருவமும் வேறாகையால் மாதம் மாறுகிறது. 'புது' என்னும் பொருளும், முகூர்த்தம் பார்த்து உண்ணும் நியமமும் மாறவில்லை. தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் இது பொங்கலோடு கரைந்துவிட்டது என்றே நான் எண்ணுகிறேன். சூரியனுக்கு உரிய சங்கராந்தி, நெல்லுக்கு உரிய புதிதை விழுங்கிவிட்டது.

குடகிலே அது கரையாமல் நின்றதற்குக் காரணம், அதன் பொறுப்பு கோயிலைவிட வீட்டைச் சார்ந்திருந்ததே. மைசூரில் பிறந்த மானிடவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ், குடகரின் சமயத்தையும் சமூகத்தையும் பற்றி 1952-இல் வெளியிட்ட நூல், இந்திய சமூக ஆராய்ச்சியில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. இன்று அரசியல் மேடைகளிலும் அடிபடும் 'சமஸ்கிருதமயமாதல்' என்னும் கருத்து அந்நூலின் வாயிலாகவே பரவியது. அந்த நூலில் திரும்பத் திரும்ப வருவது ஒக்கத்தின் ஒருமைப்பாடு. கொரவுகாரன் எனப்படும் குடும்ப மூத்தவரே வீட்டுச் சடங்குகளில் முன்நிற்பவர்; காரணவர் எனப்படும் முன்னோர் அவற்றுக்குச் சாட்சி. புத்தரியில் நாள் குறிக்க ஜோதிடர் வேண்டும். ஆனால் கதிரை வீட்டுக்குக் கொணரப் புரோகிதர் வேண்டியதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயல்களில் நாற்றுப் பிடுங்கியவர்களும் நட்டவர்களும் நிலம் உடையவர்கள் மாத்திரமல்லர். எரவர், பொலெயர் முதலிய சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அந்த வீடுகளோடு பிணைக்கப்பட்டு உழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஆவணங்கள் அந்தப் பிணைப்பை அடிமைத்தனம் என்றே ஒளிவுமறைவின்றிக் குறிக்கின்றன. மூங்கில் வேலை செய்யும் மேதர் மேளம் கொட்டாமல் விழா நடவாது. அவரவர்க்கு உரிய பங்கு உண்டு, மரியாதையும் உண்டு. முதற்கதிரை அறுக்கும் உரிமை மட்டும் நிலத்தோடு போயிற்று. புத்தரியின் அழகில் ஈடுபட்டு எழுதுவோர் இந்த வரியை விட்டுவிடுவது வழக்கம்.

கதிர் வந்த இரவோடு விழா ஓய்வதில்லை. அதற்கு முன்னும் பின்னும் சில நாட்கள், மந்து எனப்படும் ஊர்ப் பொதுவெளியில் கோலாட்டம் நடக்கும். மந்து என்பது நம் மன்று, மன்றம் என்பவற்றின் உடன்பிறப்பு. நீலகிரித் தோடர் தம் குடியிருப்பைக் குறிக்கும் சொல்லும் அக்குடும்பமே. கறுப்பு நிறக் குப்பாயமும் இடையில் சிவந்த பட்டுக் கச்சையும் செருகிய பிச்சுவாக் கத்தியுமாக ஆடவர் வட்டமிட்டு ஆடுவார்கள். பாடுவோர் கையில் இருப்பது துடி. சங்க நூல்கள் மறவர்க்கு உரியதாகச் சொல்லும் அந்த இடை சுருங்கிய சிறுபறை, நம்மிடையே உடுக்கை என்று பெயர் மாறிக் கோடாங்கியின் கைக்குப் போய்விட்டது. குடகிலே பெயரும் மாறவில்லை, மானமும் குறையவில்லை. நால்வர் கூடி, இருவர் எடுக்க இருவர் தொடுத்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள்.

அந்தப் பாடல்கள் இன்று நமக்கு எழுத்தில் கிடைப்பதற்குக் காரணமானவர் நடிகேரியண்ட சின்னப்பா. போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். உத்தியோக நிமித்தம் ஊர் ஊராகப் போன இடங்களிலெல்லாம் முதியோரைப் பாடச்சொல்லிக் கேட்டு, திருமணப்பாட்டு, சாவுப்பாட்டு, தெய்வப்பாட்டு, புத்தரிப்பாட்டு என்று தொகுத்து, 'பட்டோலெ பளமெ' என்னும் பெயரால் 1924-இல் கன்னட எழுத்தில் அச்சிட்டார். பட்டோலை என்பது நமக்கும் பழகிய சொல்தானே. இந்திய பாஷைகளில் நாட்டுப் பாடலை அம்மண்ணிலே பிறந்த ஒருவரே முறையாகத் தொகுத்த முயற்சிகளுள் இது மிக முந்தியவற்றில் ஒன்று. நெல்லுக்கு ஐந்து மாதம் போதும். ஒரு பாட்டு முற்றுவதற்குப் பல தலைமுறை வேண்டும். சின்னப்பா அறுத்தது அந்த இரண்டாவது விளைச்சலை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் காப்பி வந்தது. 1834-இல் கடைசி அரசரை நீக்கி நாட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், இருபது ஆண்டுகளுக்குப்பின் மடிக்கேரிப் பக்கத்தில் தோட்டம் போடத் தொடங்கினர். சரிவுகளில் காப்பி ஏற, நெல் பள்ளத்தாக்கோடு நின்றது. நெடுங்காலம் இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி வாழ்ந்தன. அண்மைப் பத்தாண்டுகளில்தான் நெல் பின்வாங்குகிறது. ஆள் கூலிக்கு விளைச்சல் கட்டுவதில்லை. யானையும் காட்டுப்பன்றியும் ஓரிரவில் ஒரு பருவத்தின் உழைப்பை மிதித்துப் போகின்றன. பிள்ளைகள் பெங்களூரிலும் பட்டாளத்திலும் இருக்கிறார்கள். தரிசாகக் கிடக்கும் வயல்கள் பல. வேறு பயிருக்கும் வீட்டுமனைக்கும் மாறியவையும் பல. 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருமழையில் மலை சரிந்து, மடிக்கேரியைச் சுற்றிய ஊர்களில் வயல்கள் மண்ணுக்குள் புதைந்தன.

வயல் குறைந்தால் வயலைச் சார்ந்த விழாவும் குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அப்படி நடக்கவில்லை. தமக்கு வயல் இல்லாதவர் பக்கத்து வயலில் கேட்டு அறுத்துக்கொள்கிறார்கள். நகரத்திலே இருப்போர் தம் சங்க மண்டபத்தில் கூடி, வெளியிலிருந்து வரவழைத்த கதிருக்கு முகூர்த்தம் பார்க்கிறார்கள். துப்பாக்கியும் இருக்கிறது. ஆயுதச் சட்டத்திலிருந்து குடகருக்கு ஆங்கிலேயர் காலம் முதல் இருந்துவரும் விலக்கை, மத்திய அரசு 2019-இல் மேலும் பத்து ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறது. கதிரைக் கடன் வாங்கிக் கொண்டாடும் விழா போலியானது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரேசர் கவனிக்காத அந்த வீடுதான் இங்கே நிலத்தின் ஸ்தானத்தை ஏற்று நிற்கிறது. சிதறிய ஒக்கத்தை ஆண்டுக்கொரு முறை ஒரே விளக்கின் முன் கூட்டுவதற்கு ஒரு பிடிக் கதிர் போதுமானதாக இருக்கிறது. எனினும், கடன் கொடுக்கப் பக்கத்து வயலும் இல்லாத நாளில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கோலாட்டத்தால் மறைக்க முடியாது.

நம் பக்கத்துக்கு வந்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. வயல் இருக்கிறது, சொல் போய்க்கொண்டிருக்கிறது. அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டைக்கு அனுப்பிவிடுகிறது. நடுவில் களம் என்ற ஓர் இடமே இல்லாமற்போனபின், பொலியைக் கும்பிடுவதற்கும் முதல் மரக்காலை 'லாபம்' என்று கூறுவதற்கும் சந்தர்ப்பம் எங்கே? ஆங்கிலேய அதிகாரி பெர்சி மாக்குவீன் சேகரித்த நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்று பதிப்பித்ததால் நமக்கு ஒரு பகுதி மிஞ்சிற்று. களத்துமேட்டின் சொற்களையும் கூவல்களையும் எண்ணிக்கை முறைகளையும் சடங்குகளையும் ஊர்வாரியாகப் பதிவுசெய்யும் காரியம் இன்னும் முழுமையாக நடக்கவில்லை. போரடித்த மாட்டின் பின்னால் நடந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. தஞ்சை, நாகை, திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள், வரும் தை மாதத்து விடுமுறையிலேயே தம் மாணவர்களை ஆளுக்கொரு கிராமத்துக்கு அனுப்பி, அந்த முதியவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டு எழுதிவர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.